காப்பிப்பொடி நிறக் குல்லா

சிதம்பரத்து வெயிலில் யாரும் குல்லா போட்டுக்கொண்டு நடமாட மாட்டார்கள். என் தங்கச்சி போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் நின்று இட்லி அவித்தாள். போடச் சொன்னவள் நான். பின்னிக் கொடுத்தவளும் நான்.

அவளுக்கு மார்பில் கட்டி. அறுத்து எடுத்துவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு வரவைத்து ஊசி ஏற்றினார்கள். புருஷன் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெரு முனையில் அவள் போட்டிருந்த இட்லிக் கடைதான் சோறு. அதனால் கேன்சர் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேன்சர் வந்தவள் கையால் யார் வாங்கித் தின்பார்கள்? ஒட்டாது என்று டாக்டர் சொல்வார். இட்லி தின்ன வருகிறவன் டாக்டரைக் கேட்டுக்கொண்டா வருகிறான்? ஊசி நாளில் கடைக்கு லீவு விட்டு, கடலூரில் இருக்கும் அக்காவுக்கு, அதாவது எனக்கு, உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டாள். நான் கல்லுக்குண்டு மாதிரி இருந்தேன்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு முடி கொட்ட ஆரம்பித்தது. கொத்துக் கொத்தாக வந்தது. துண்டு கட்டிக்கொண்டாள். குனிந்து மாவு ஊற்றும்போதெல்லாம் அது நழுவியது. ஒரு நாள் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர் ஒருவர் இட்லியிலிருந்து நீளமாக ஒரு முடியை இழுத்துப் பிடித்துக் காட்டினார்.

"என்னாக்கா, இட்லியோட சவுரியும் சேத்துக் குடுக்கறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் இலையைச் சாக்கடையில் வீசிவிட்டுப் போனார். அன்று மத்தியானமே சவரக்கடையில் உட்கார்ந்து மொட்டை அடித்துக்கொண்டாள். மறுநாள் அப்படியே கடை போடுவதாகச் சொன்னாள்.

"வைத்தீஸ்வரன் கோயில்ல முடி எறக்கிட்டு வந்தேன்னு சொல்லிக்கிறேன், வுடு."

"சாமி பேர்ல பொய் சொல்லுவியா? அப்பறம் ஏத்துற மருந்து எப்பிடி ஒடம்புல புடிக்கும்?" என்றேன்.

அவள் துண்டை எடுத்து மொட்டையில் கட்டிக்கொண்டாள். நோயில் கிடப்பவளை அடக்க இப்படி ஒரு வார்த்தை போதும். அவள் சொன்னபடி நின்றிருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் பக்கத்தில் மொட்டை அடித்த பொம்பளையைப் பார்த்தால் எந்தக் கோயில் என்றுதான் கேட்பார்கள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. சாமிக்குப் பயந்தேன்.

நான் கடலூரில் ஒரு தையல் கடையில் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறேன். ஊசி நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் சிதம்பரம் வந்துவிடுவேன். சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் குரோஷாவும் இரட்டை ஊசிப் பின்னலும் சொல்லிக்கொடுத்தார்கள். டி.வி.க்கு உறை, பச்சைப் பிள்ளைகளுக்குக் குல்லா, இவைதான் எனக்குத் தெரிந்தவை. பிள்ளைக் குல்லாவையே பெரிதாக்கி உல்லன் நூலில் நெருக்கமாகப் பின்னி முதலில் கொடுத்தேன். எட்டு மணிக்குள் அது ஊறிப்போய்ச் சொட்டியது. தலை முழுக்க வேர்க்குரு.

"இட்லிப் பானைய என் தலையில கவுத்துட்டியேக்கா" என்றாள்.

உல்லனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பருத்தி நூல் வாங்கினேன். காப்பிப்பொடி நிறத்தில் பெரிய உருளை ஒன்று. கண்ணிகளை நீட்டி இடைவெளி விட்டுப் பின்னினேன். காற்று நன்றாகப் போனது. ஆனால் ஓட்டைக்கு ஓட்டை வெளுத்த மொட்டை தெரிந்தது. பிறகு இரட்டை ஊசியில் வரி வரியாக இறுக்கமாகப் போட்டேன். நழுவவில்லை. சாயங்காலம் கழற்றினால் மண்டையில் கோடு கோடாகப் பதிந்திருந்தது. அவள் சொறிந்து சொறிந்து ரத்தம் வரவழைத்துக்கொண்டாள். உச்சியில் ஆரம்பிக்கும் முடிச்சு வேறு, ஊசி ஏறும்போது படுத்தால் ஆணி மாதிரி குத்துகிறது என்றாள். அதனால் விளிம்பில் ஆரம்பித்து மேலே குறைத்துக்கொண்டே போய், முடிச்சை வெளிப்பக்கம் போட்டேன்.

காற்று போனால் தலை தெரிகிறது, தலை தெரியாவிட்டால் காற்று போவதில்லை. இரண்டு மாதம் இதோடுதான் மல்லுக்கட்டினேன். பின்னுவேன், செம்பில் மாட்டிப் பார்ப்பேன், பிடிக்காவிட்டால் பிரிப்பேன். கடைசியில் வழி கிடைத்தது. ஒரு குட்டைக் கண்ணி, ஒரு இடைவெளி. அடுத்த வரியில் கீழே இடைவெளி இருக்கும் இடத்தில் கண்ணி வரவேண்டும். செங்கல் வைத்துச் சுவர் எழுப்புகிற மாதிரி. ஒவ்வொரு ஓட்டைக்கு மேலும் ஒரு கண்ணி உட்கார்ந்துகொண்டது. காற்று போனது, தலை தெரியவில்லை, மெத்தென்றும் இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அவள் வாளியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணி எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணிக்கை தப்பிவிடும் என்று முதுகைத் தடவக்கூட எழுந்திருக்காத நாள் உண்டு.

ஊசி ஏற்றும் இடத்தில் வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பொம்பளைகள் அவள் தலையைப் பார்த்தார்கள். புவனகிரியிலிருந்து வந்த ஒரு அம்மாதான் முதலில் கேட்டது.

"எங்க வாங்குன, பாப்பா?"

"எங்கக்கா போடுது" என்றாள் தங்கச்சி.

அந்த அம்மாவுக்கு ஒன்று கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவளுக்கு ஒன்று. அப்புறம் நானே கேட்டுக் கேட்டுக் கொடுத்தேன். உருளை பெரிசு, நூல் தீரவில்லை. எல்லாம் அதே நூல், அதே செங்கல் பின்னல். ஒரு நாள் பெஞ்சில் வரிசையாக ஏழெட்டுக் காப்பிப்பொடித் தலைகள் உட்கார்ந்திருந்தன. பார்த்தபோது நெஞ்சு நிமிர்ந்தது எனக்கு.

கடையில் கேலி பேசினார்களே தவிர யாரும் சந்தேகப்படவில்லை. "என்னாக்கா, ஊட்டிக்குக் கடைய மாத்தப் போறியா?" என்றார் அதே ஆட்டோக்காரர். "உன் இட்லியில முடி வுழக் கூடாதுன்னுதான்யா போட்டுருக்கேன், பெரிய ஓட்டல்ல போடறாப்புல" என்று அவள் திருப்பிக் கொடுத்தாள். முடி எடுத்துக் காட்டியவர் இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னார். புருவம் கொட்டியதும் குல்லாவை இன்னும் இரண்டு விரல் கீழே இறக்கிக் கொடுத்தேன். மை வைத்துக் கோடு போட்டுக்கொண்டாள். இன்னும் இரண்டு ஊசிதான் பாக்கி இருந்தது. எப்படியோ ஓட்டிவிடலாம் என்றிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கடையில் நின்று சட்னி ஊற்றிக்கொண்டிருந்தேன். தினமும் பார்சல் வாங்கும் ஒரு பெண் வந்தாள். என் தங்கச்சியின் தலையையே பார்த்தாள்.

"இதே குல்லாதான் எங்க மாமியாகிட்ட இருக்குது. இதே கலரு, இதே பின்னலு. யாரோ ஒரு அம்மா குடுத்தாங்களாம்."

எனக்கு வாய் எங்கே சும்மா இருக்கிறது?

"நான்தான் போட்டுக் குடுத்தேன்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுடைய மாமியார் எந்த பெஞ்சில் உட்கார்ந்து அதை வாங்கியிருப்பார் என்று புத்திக்கு எட்டியது. அவளுக்கும் எட்டிவிட்டது. என்னைப் பார்த்தாள், தங்கச்சியைப் பார்த்தாள், மை போட்ட புருவத்தைப் பார்த்தாள். "ஓ" என்றாள். பார்சலை விரல் நுனியில் தொங்கவிட்டபடி எடுத்துக்கொண்டு போனாள்.

தங்கச்சி என்னைத் திட்டவில்லை. மூடியைத் திறந்து வெந்த இட்லியை எடுத்து வைத்தாள். கரண்டி தட்டில் மோதி மோதிச் சத்தம் வந்தது.

ஒரு வாரத்தில் கூட்டம் பாதியானது. மறு வாரம் நாலைந்து பேர். அந்தப் பெண் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருக்க மாட்டாள். ஒருத்தியிடம் சொன்னால் போதும். தங்கச்சி குல்லாவைக் கழற்றிவிட்டு மொட்டைத் தலையோடு நின்று, வேண்டுதல் என்றும் சொல்லிப் பார்த்தாள். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு எதிர்ப்புறம் நடந்தார்கள். ஆட்டோக்காரரை நான் ஸ்டாண்டிலேயே போய்ப் பிடித்தேன்.

"ஏன்யா, ஒட்டிக்குமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. வூட்ல சின்னப் புள்ளைங்க இருக்குது. பொண்டாட்டி ஜாஸ்தி பயப்படுது."

"முடி கெடந்தப்பவே மறுநாள் வந்து தின்னியே?"

"அது முடிதானக்கா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதனால் எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

ஒரு நாள் அரைத்த மாவு அப்படியே புளித்து அண்டாவில் பொங்கி நின்றது. அதோடு கடையை விட்டாள். இப்போது அந்த முனையில் வேறு யாரோ நூடுல்ஸ் வண்டி போட்டிருக்கிறார்கள்.

ஊசி எல்லாம் முடிந்துவிட்டது. முடி சுருட்டை சுருட்டையாக வந்திருக்கிறது. டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்கிறார். கடலூரில் என் வீட்டில் இருந்துகொண்டு என்னோடு ஃபால்ஸ் அடிக்கிறாள். அவள் தையல் கோணல். முதலாளி அவள் பக்கத்தில் இருக்கும்போதே என்னிடம் பிரித்துத் தைக்கச் சொல்வார். அவள் தலை நிமிராமல் அடுத்த புடவையை எடுப்பாள். ஒரு தெருவுக்கே சோறு போட்டவள். என்னை அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டுத் தொலைத்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

செக்கப்புக்குக் கூடப் போகும்போது குல்லாவும் கொண்டுபோகிறேன். ஆனால் ஒன்று மாதிரி இன்னொன்று பின்னுவதில்லை. ஒன்றில் சிப்பி, ஒன்றில் வலை வைத்து உள்ளே துணி, ஒன்றில் முறுக்குப் பின்னல், ஒன்றில் கோடு. நிறமும் வேறு வேறு. புதுப் பின்னல் கிடைக்காதா என்று ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது. கை பழகாததால் ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் ஆகிறது. செங்கல் பின்னல் அளவுக்கு எதுவும் வசதியாக இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

போன தடவை ஒரு பெண்ணுக்குச் சிப்பி வைத்த ஊதா நிறக் குல்லாவைக் கொடுத்தேன். முப்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை என்றாள். குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிர் பெஞ்சில் புவனகிரி அம்மா அந்தப் பழைய காப்பிப்பொடிக் குல்லாவோடு உட்கார்ந்திருந்தது.

"அந்த அம்மா போட்டுருக்குறதுதான் நல்லா இருக்குது. அதே மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்கக்கா."

"அது கெடையாது" என்றேன்.

"நூல் வேணா நான் வாங்கித் தர்றேன்."

"கெடையாதுன்னா கெடையாது. இதப் போட்டுக்க."

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பாள். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவளும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை. டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். தங்கச்சி எழுந்து உள்ளே போனாள்.