காலியாகத் தெரிந்த கல்யாண ஃபோல்டர்

கம்பத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கணினியை ஒரு வகை லினக்ஸ் இயங்குதளத்திலிருந்து இன்னொரு வகை லினக்ஸுக்கு மாற்றினேன். இரண்டும் ஒரே மாதிரிதானே என்று, படங்கள் இருந்த நெட்வொர்க் டிரைவை இணைக்கும் பழைய கட்டளையை அப்படியே கொடுத்தேன். கல்யாண ஃபோல்டர் காலியாகத் தெரிந்தது. அன்று மாலை துபாய்க்குக் கிளம்பவிருந்த புதுமணத் தம்பதி, படங்களுக்காக எதிரிலேயே காத்திருந்தார்கள்.

"எல்லாம் எங்கனம்மா போச்சு?" என்றார் ஸ்டுடியோக்காரர். பதற்றத்தில் அதே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தேன்.

"போனாப் போகுதுக்கா, இன்னொருவாட்டி கட்டிக்கிருவோம்" என்றாள் அந்தப் பெண்.

"திரும்பவும் என்னையத்தானே?" என்றார் அவள் கணவர்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். அதன்பிறகுதான் திரையிலிருந்த பிழைச் செய்தியை முழுதாகப் படித்தேன். டிரைவை இணைக்கத் தேவையான சிறு மென்பொருள் புதிய லினக்ஸில் இல்லை என்று அது முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நிறுவியதும் படங்கள் வந்தன.

கோபப்பட வேண்டியவள் சிரிக்க வைத்திருக்காவிட்டால், நான் அதே கட்டளையையே தட்டிக்கொண்டிருந்திருப்பேன்.