தெரணியகலை மலையில் பரிந் முதலாளியைத் தேடியவர்கள்

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை 5.20. கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையம். என் பெட்டியில் ஒரு புரொஜெக்டர், ஒரு மடிக்கணினி, நான் தமிழாக்கிய 1,412 வரி வசனங்கள். போகும் இடம் தெரணியகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஒரு படம் காட்ட வேண்டும்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: எனக்குத் தொழில் நெட்வொர்க் வேலை. மற்ற நேரமெல்லாம் பழைய நாவல்கள், அவற்றிலிருந்து எடுத்த படங்கள், தொடர்கள். "புத்தகம் மாதிரி வராது" என்று உச்சுக்கொட்டுபவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. புத்தகம் அலமாரியில் அப்படியே இருக்கிறது ஐயா, யாரும் அதை அழித்துவிட்டுப் படம் எடுக்கவில்லை. ஒரே கதையை மூன்று பேர் மூன்று விதமாகப் படித்திருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்.

கலைச்செல்வி டீச்சர் இந்தப் பக்கத்தை வாசிப்பவர். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அங்கேயே ஆங்கிலம் படிப்பிப்பவர். நாவல் வெறியில் எனக்கு அக்கா. ஜூன் மாதம் எழுதினார்: "தம்பி, நீங்க திட்டுற திட்டெல்லாம் சரிதான். ஆனா அந்தக் கண்ணாடித் தொழிற்சாலை நாவலோட படத்த எங்க ஆளுங்க பாக்கணும். தமிழ்ல வசனம் போட்டுத் தாங்களேன்."

நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். போன தடவை சொல்லி, கருத்துப் பகுதியில் நடந்த அடிதடி போதும். கதை இதுதான். கண்ணாடியில் பூ வரையத் தெரிந்த ஏழைப் பெண் ஒருத்தி, ஒரு பரிந்துரைக் கடிதத்தோடு தொழிற்சாலைக்கு வேலை கேட்டு வருகிறாள். அதன் உரிமையாளன் முரடன். அவனுடைய மைத்துனன் அந்தப் பரிந்துரையைத் திருடி எரித்து, அவளைப் பொய்க்காரி ஆக்குகிறான். சண்டை, பிரிவு, கடைசியில் கல்யாணம்.

டீச்சருக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. தோட்டத்தில் புதிய பிள்ளைக்காம்பரா கட்டியதால், வேலைக்குப் போகும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுப்போன பழைய கட்டடம் சும்மா கிடக்கிறது. அதை வாசிப்பறை ஆக்க வேண்டும் என்று டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். அலுவலகமோ அதில் உர மூட்டை அடுக்கப் பார்த்தது. நலன்புரி அதிகாரி நடுவில் ஒரு முடிவு சொன்னார்: ஞாயிற்றுக்கிழமை ஒரு நிகழ்ச்சி நடத்துங்கள், ஆள் வந்து உட்கார்ந்தால் பார்க்கலாம். திங்கட்கிழமை உர லொறி வருகிறது.

ஆக, படம் ஓடினால் வாசிப்பறை. ஓடாவிட்டால் யூரியா.

5.40க்கு அவிசாவளை பஸ். ஏறத்தாழ 58 கிலோமீட்டர், நான் கொடுத்தது 240 ரூபாய். 7.35க்கு இறங்கி, ரொட்டியும் கட்டச்சம்பலும் 180 ரூபாய்க்குச் சாப்பிட்டேன். 8.05க்குத் தெரணியகலை பஸ், 130 ரூபாய். தெஹியோவிட்ட தாண்டியதும் ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கிவரும். பிறகு வளைவு, மழை, வளைவு. வலப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், அந்த ஜன்னல் மூடாது. இன்னொரு பஸ்ஸில் மூடலாம். நான் சொல்வது என் அனுபவம்.

தெரணியகலையிலிருந்து தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு 11 கிலோமீட்டர். முச்சக்கரவண்டிக்காரர் நிமல், சிங்களவர், தமிழை நம்மைவிட வேகமாகப் பேசுகிறார். தம்பி என்பது மட்டும் சிங்களத்தில், மல்லி.

"மல்லி, ரோட்டு நரகை. ஆயிரத்தெண்ணூறு."

"ஆயிரத்து ஐந்நூறு."

"ஆயிரத்தைந்நூறுக்குப் பாலம் வரைக்கும் போகலாம். அங்கருந்து பெட்டியத் தலையில வச்சு நடங்க. ஹரியா?"

ரோடு உண்மையிலேயே மோசம். ஆயிரத்தெண்ணூறே கொடுத்தேன். வழியில் புரொஜெக்டர் பெட்டியைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் கேட்டார்: "என்ன படம்? சண்டை இருக்கா?"

"இல்லை. கடிதம் எரிக்கிறார்கள், அழுகிறார்கள்."

"அப்ப பொம்பளைங்க வருவாங்க. பயப்படாம போங்க."

10.15க்குப் போய்ச் சேர்ந்தேன். இறங்கிய ஐந்தாவது நிமிடம் காலில் இரண்டு அட்டை. டீச்சர் உப்புப் பொட்டலத்தோடுதான் வரவேற்றார்.

பிள்ளைக்காம்பரா நல்ல நீளமான கட்டடம். குழந்தைகளுக்காகச் சுவரில் வரைந்த யானையும் அன்னாசியும் இன்னும் இருக்கின்றன. ஒரு மூலையில் ஒரு அலமாரி, அதில் டீச்சரின் சொந்தப் புத்தகங்கள். பகல் இரண்டு மணிக்குப் படம் என்பதால் ஜன்னல்களை மறைக்க வேண்டும். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் படங்குகளைப் பெண்கள் கொண்டுவந்து ஆணியில் மாட்டினார்கள். பதினைந்து நிமிடத்தில் அறை நல்ல இருட்டு. என் அலுவலகத்தில் இதற்கு மூன்று மீட்டிங் வைத்திருப்பார்கள்.

இரண்டு மணிக்கு இடம் நிரம்பிவிட்டது. பிள்ளைகள் முன்னால் தரையில், பெண்கள் நடுவில், ஆண்கள் சுவரோரம் நின்றபடி. நலன்புரி அதிகாரிக்கு மட்டும் நாற்காலி, கதவுக்குப் பக்கத்தில். எந்த நேரமும் எழுந்து போக வசதியான இடம்.

படம் தொடங்கியது. கதாநாயகி தொழிற்சாலை வாசலில் நின்று பேசுகிறாள். கீழே என் வரி: "வணக்கம், துரை. வேலை கேட்டு வந்திருக்கிறேன்."

இந்தச் சொல்லுக்கு நான் ஒரு வாரம் யோசித்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன். ஆங்கிலத்தில் அவள் அவனை மரியாதையாகக் கூப்பிடும் இடம். "ஐயா" என்றால் கோயில் வாசனை, "சார்" என்றால் பள்ளிக்கூட வாசனை. பழைய தமிழ்ப் புத்தகங்களில் வெள்ளைக்காரக் கனவான் என்றாலே துரைதான். காலத்துக்கும் பொருந்துகிறது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. போட்டேன்.

அறையில் சிரிப்பு.

"தொரையாமுல்ல இவரு!"

"ஆமா, நடைய பாரு. காலங்காத்தால பெரட்டுக்கு வர்ற மாதிரியே வர்றான்."

பெரட்டு என்றால் விடிகாலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் கூட்டம். தோட்டத்தில் துரை என்றால் ஒரே ஒருவர்தான்: தோட்ட மனேஜர். எனக்கு இது தெரியாதா? தெரியும். வசனம் எழுதும்போது மூளையின் அந்த அறையை நான் திறக்கவே இல்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. முரடன் முதன்முதலாக அவள் ஓவியத்தைப் பார்த்துத் தடுமாறுகிறான். "மாலையில் என் அறைக்கு வா. இந்தப் பூவைப் பற்றிப் பேச வேண்டும்." அவள், "வருகிறேன், துரை."

நடு வரிசையில், ஜன்னலுக்குப் படங்கு மாட்டியவர்களில் ஒருவரான பூமணி அக்கா எழுந்தே விட்டார். "போகாத புள்ள! போகாத!"

"ஐயையோ, வர்றேங்கிறாளே!"

"ஒங்காத்தாகிட்ட சொல்லிட்டுப் போ புள்ள!"

நாற்பதாவது நிமிடம் அவன் உருகிச் சொல்கிறான்: "இந்தத் தொழிற்சாலையில் பாதி உன் கையால் நிற்கிறது." நாவலில் இந்தப் பக்கத்தை நான் மடித்தே வைத்திருக்கிறேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பாதியா? அப்ப அரப்பேருதான் போடப்போறான்!" அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். கட்டடம் அதிர்ந்தது. நானும் சிரித்துவிட்டேன், உண்மையைச் சொன்னால்.

ஆனால் சிரிப்பு அங்கேயே நிற்கவில்லை. ஒரு பெண் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். "வருசம் பூரா தொரை மொகத்தத்தான் பாக்குறோம். ஞாயித்துக்கெழமையுமா?" அவரோடு ஒரு வரிசையே எழுந்தது. அதிகாரி ஃபோனை எடுத்து மணி பார்த்தார்.

டீச்சர் என் காதருகில் வந்தார். "தம்பி, நிறுத்துங்க. பிளேன்டீ குடுப்போம். குடிக்கிறதுக்குள்ள அந்தச் சொல்ல மாத்துங்க."

"அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள், டீச்சர். மூலத்தில் அதுதான்."

"மூலம் கெடக்கட்டும். இப்பிடியே ஓட்டுனா அவ கல்யாணத்துக்குச் சரி சொல்றப்ப திரையில கல்லு விழும்."

கேள்வி, எந்தச் சொல்? டீச்சர் தேநீர் வாங்க நின்றவர்களிடமே கேட்டுவிட்டார். "சார்" என்றால் பொலிஸ் என்றார்கள். "மாஸ்டர்" என்றால் பள்ளிக்கூடத்து மாஸ்டர், அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது. "அத்தான்னு போடுங்க" என்றார் ஒரு பெண். முதல் காட்சியிலேயே அத்தான் என்றால் கதை என்னத்துக்கு?

பூமணி அக்கா சொன்னார்: "மொதலாளின்னு போடுங்க தம்பி. மொதலாளின்னா கடக்காரரு. அவருகிட்ட சண்ட புடிக்கலாம், வெலய கொறைக்கச் சொல்லலாம், கோவிச்சுக்கிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். தொரைகிட்ட அதெல்லாம் நடக்குமா?"

அந்தப் பெண் படம் முழுக்கச் செய்வது அதைத்தான். சரியான சொல். இரண்டு சொல்லுக்கும் வேற்றுமை உருபு ஒரே மாதிரி ஒட்டும்: துரையை, முதலாளியை, துரைக்கு, முதலாளிக்கு. தேடு, மாற்று, அனைத்தையும். 88 இடங்கள், ஒரு நொடி. எனக்கே என்னைப் பிடித்துப்போனது. படத்தை ஓடவிட்டேன்.

ஐந்து நிமிடம் அருமையாகப் போனது. எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். பிறகு கதாநாயகி தோழியிடம் ரகசியம் சொல்கிறாள். கீழே வந்த வரி:

"பரிந்முதலாளியை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்."

புரிந்துவிட்டதா? "பரிந்துரை" என்ற சொல்லுக்குள்ளே ஒரு துரை உட்கார்ந்திருக்கிறார். என் கணினி அவரையும் விடவில்லை.

"யாரு அந்தப் பரிந் மொதலாளி?"

"புது ஆளு போல. இன்னும் காட்டல."

"அலமாரியில ஏன் பூட்டுறா? கள்ளப் புருசனா?"

"பாவம், மூச்சு முட்டாதா?"

நான் நிறுத்தப் போனேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாயில் முந்தானையைத் திணித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "விடுங்க தம்பி. ஆள் எல்லாம் உக்காந்திருக்கு."

அடுத்த இருபது நிமிடம் அறையில் ஒருவரும் இடத்தைவிட்டு அசையவில்லை. திரையில் வந்த ஒவ்வொரு புதிய ஆணையும் "இவன்தான் பரிந்" என்றார்கள். வண்டிக்காரன் வந்தான், இவன்தான். பாதிரியார் வந்தார், சத்தியமாக இவர்தான். பிறகு மைத்துனன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பரிந்முதலாளியை நெருப்பில் போட்டுவிட்டேன்."

"அடப்பாவி! உசுரோடயா?"

அந்த நொடியில் படம் கருகும் காகிதத்தைக் காட்டியது. முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்து கத்தினாள்: "டீச்சர், அது பரிந்துரைக் கடிதம்! வேலைக்குக் குடுக்குறது!"

சிரிப்பு அடங்க இரண்டு நிமிடம் ஆனது. ஆனால் கடிதம் போனால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரித்தவர்களே அந்த மைத்துனனைத் திட்டத் தொடங்கினார்கள். அந்தத் திட்டுகளை இங்கே எழுத முடியாது.

கடைசிக் காட்சி. அவன் கல்யாணத்துக்குக் கேட்கிறான். அவள் உடனே சரி சொல்வதில்லை. தொழிற்சாலைப் பெயர்ப்பலகையில் தன் பெயரும் வர வேண்டும் என்கிறாள். "உங்கள் பெயருக்குக் கீழே அல்ல, முதலாளி. பக்கத்தில்." கைதட்டலில் ஆணியிலிருந்து ஒரு படங்கு கழன்று விழுந்தது, உள்ளே வெளிச்சம் வந்த பிறகும் யாரும் எழவில்லை.

பூமணி அக்கா என்னிடம் வந்தார். "புத்தகத்துலயும் பலகையில பேரு கேக்குறாளா?"

"இல்லை அக்கா. புத்தகத்தில் உடனே சரி சொல்லிவிடுவாள். படம் எடுத்தவர்கள் சேர்த்தது."

"அப்ப படந்தான் சரி." கொஞ்சம் யோசித்தார். "இருந்தாலும் புத்தகத்துல அவ என்னதான் சொன்னான்னு பாக்கணும். தமிழ்ல இருக்கா?"

இல்லை. நான் தேடியவரை இல்லை. ஒரு படம் ஒருவரைப் புத்தகத்தின் பக்கம் திருப்பும் என்று இந்தப் பக்கத்தில் பல வருடங்களாக வாதாடியிருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றுதான். கையில் கொடுக்க ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

நலன்புரி அதிகாரி போகும்போது டீச்சரிடம் சொன்னார்: "நாளைக்கு லொறிய ஃபெக்டரி பக்கம் எறக்கச் சொல்றேன். ஆனா டீச்சர், அடுத்த மாசமும் இப்பிடி ஆள் இருக்கணும். இல்லாட்டி உரந்தான்." சாவியை மேசையில் வைத்தார். டீச்சர் அதை எடுத்த வேகத்தைப் பார்த்து அவரே சிரித்தார்.

போக நினைப்பவர்களுக்கு: தோட்டங்கள் சுற்றுலாத் தலம் இல்லை. தெரிந்தவர் அழைக்காமல் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் கேமராவோடு போகாதீர்கள். உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள், அட்டைக்கு. முச்சக்கரவண்டியைத் திரும்பி வரவும் சேர்த்தே பேசிவிடுங்கள். நான் பேசாததால் மலையிறங்க 2,000 ஆனது. தெரணியகலையிலிருந்து மாலை 6.10 பஸ்ஸைப் பிடித்தேன், அதற்குப் பிறகு உண்டா என்று ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தச் செலவு, தேநீர் எல்லாம் சேர்த்து 4,900 ரூபாய்.

இனி நான் செய்யப்போவது:

1. மாற்றும் முன் முழுச்சொல்லை மட்டும் தேடுவேன்.

2. "பரிந் முதலாளி" கோப்பை அழிக்க மாட்டேன். டீச்சரின் உத்தரவு.

3. செப்டம்பர் படத்தின் வசனங்களை ஒரு வாரம் முன்பே பூமணி அக்காவுக்கு ஃபோனில் வாசித்துக் காட்டுவேன். திட்டினால் திருத்துவேன்.

4. அந்த நாவலின் முதல் அத்தியாயத்தை இன்றிரவு தமிழில் தொடங்குகிறேன். அச்சடித்துக் கையில் கொண்டுபோவேன்.

5. கடைசி அத்தியாயத்தில் அவள் உடனே சரி சொல்வதை அப்படியே விடுவேன். பூமணி அக்கா புத்தகத்தோடு சண்டை பிடிக்கட்டும். அதற்குத்தான் அந்த அறை.