படகு எண்ணில் திறந்த கணினி

எங்கள் தெருவில் கடவுச்சொல் என்றால் அது படகு எண்தான். கைபேசி, வங்கிச் செயலி, பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய சூட்கேஸ், எதைத் திறக்கவும் அந்தந்த வீட்டு ஆள் ஓட்டுகிற படகின் கடைசி நான்கு இலக்கம். படகின் இரண்டு பக்கமும் ஒரு முழ உயரத்துக்கு வெள்ளை பெயின்டில் எழுதி, கடற்கரையில் எல்லோரும் பார்க்க நிறுத்தி வைத்திருக்கும் எண்ணை ரகசியம் என்று நம்புகிற ஊர் வேறெங்கும் இருக்காது. திருவொற்றியூர்க் குப்பத்துக்காரியான நானும் அப்படித்தான் நம்பினேன். இத்தனைக்கும் நான் பி.எஸ்சி. கணினி அறிவியல்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடமே போனதில்லை. அண்ணன் மூன்றாம் வகுப்பில் பாதியில் கடலுக்குப் போனான். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்த ஆறாவது மாதம், வண்ணாரப்பேட்டைக் கடை ஒன்றில் பழைய கணினியும் பிரின்டரும் வாங்கினேன். திரையை நான் மடியில் வைத்துக்கொள்ள, மற்றதையெல்லாம் அண்ணன் காலடியில் அடுக்கிக்கொள்ள, மெட்ரோவில் ஊர் வந்து சேர்ந்தோம். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். இன்னும் நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

கணினி வந்ததும் தெருவும் வந்தது. ஹால் டிக்கெட், சாதிச் சான்றிதழ், மீன்பிடித் தடைக்கால நிவாரண மனு என்று தினமும் யாராவது வருவார்கள். நான் அலுவலகத்தில் இருக்கும் நேரத்திலும் வேலை நடக்கட்டுமென்று கடவுச்சொல்லாகப் படகு எண்ணையே வைத்தேன். வருகிறவர்களிடம் அம்மா மீன் கூடையைக் கழுவிக்கொண்டே, "நம்ம போட் நம்பர போடு, தொறக்கும்" என்பாள். அலுவலகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொல்வார்கள். பெரிய எழுத்து வேண்டும், குறியீடு வேண்டும், பிறந்த நாள் கூடாது. அத்தனையும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்தால் அதெல்லாம் வாசலில் செருப்போடு நின்றுவிடும்.

அண்ணன் முதலாளி ஒருவரின் ஃபைபர் படகை ஓட்டுகிறான்; எங்கள் வீட்டில் 'நம்ம போட்' என்பது அதுதான். தூண்டில் போடுகிற படகு. தூண்டிலுக்குப் போகிறவனுக்குப் பாருகள் தெரிந்திருக்க வேண்டும். பாரு என்பது கடலடியில் இருக்கும் கல் திட்டு. களவான், சங்கரா மாதிரி விலை போகும் மீன்கள் அங்கேதான் அண்டும். சுற்றிலும் மைல் கணக்கில் வெறும் சேறு. பாரு எங்கே இருக்கிறது என்பதைக் கையளவு ஜிபிஎஸ் கருவியில் எண்களாகக் குறித்து வைப்பார்கள். அந்த எண்களை ஒரு படகுக்காரன் இன்னொரு படகுக்காரனுக்குச் சொல்லமாட்டான், மச்சானாக இருந்தாலும். அண்ணனிடம் முப்பத்தொரு பாருகள் இருந்தன. பதினைந்து வருடம் கடலைத் துழாவிச் சேர்த்தவை. படகு முதலாளி அவனை மதிப்பதும், அலை அடித்தாலும் ஆட்கள் அவனை நம்பி ஏறுவதும் அவற்றுக்காகத்தான். அவை வெளியே போய்விட்டால் அவனிடம் மிஞ்சுவது இரண்டு கை மட்டும். அது இந்தக் கரையில் எல்லோரிடமும் இருக்கிறது.

கருவிக்கு வயதாகிவிட்டது. பேட்டரி மூடி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தான். திரை பாதி மங்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இது எப்ப புட்டுக்கும்னு தெரில பாப்பா. எல்லாத்தியும் உன் மெஷின்ல ஏத்தி வெய்யி. நா சொல்றேன், நீ அடி."

அவன் திரையைப் பார்ப்பான், கொஞ்சம் நிற்பான், பிறகு சொல்வான். "பதிமூணு டிகிரி..." என்று தொடங்கி, டிகிரி, நிமிடம், நிமிடத்தை ஆயிரமாகப் பிரித்த கடைசி மூன்று இலக்கம். அடுத்த எண்ணுக்கு முன்னும் அதே மாதிரி ஒரு நிறுத்தம். முப்பத்தொரு இடத்துக்கும் அப்படித்தான். எழுத்து வராதவன் எண்ணுக்கும் திணறுகிறானே என்று எனக்குப் பாவமாக இருந்தது. "நான் பார்த்து அடிச்சிக்கவா ண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டேன். "இன்னா மேடம், அவசரமா? நா சொல்லத்தான் நீ அடிக்கணும்" என்றான். முடித்ததும் 'அண்ணன் பாரு' என்று பெயர் வைத்து முகப்புத் திரையிலேயே சேமித்தேன். எடுக்க வசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு மாலை அலுவலகத்திலிருந்து வந்து கணினியைத் திறந்தபோது, கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியலில் முதலாவதாக அது இருந்தது. நேரம் காலை பதினொன்று பத்து. அந்த நேரத்தில் நான் கிடங்கில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"ம்மா, காலைல யாரு வந்தது?"

"உன் மாமாதான். நிவாரண மனு பிரின்ட் எடுத்துகினு போச்சு. ரெண்டு தாளு எடுத்துச்சு, டீ வேணாம்னுட்டு ஓடிப்பூச்சு."

மாமா என்று நான் கூப்பிடுவது அம்மாவின் அண்ணன் மகனை. அண்ணனுக்கு மச்சான். அவரும் தூண்டில் படகு ஓட்டுகிறவர்தான். நிவாரண மனு ஒரே பக்கம். எங்கள் தெருவுக்கு நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? இரண்டாவது தாளில் என்ன இருந்திருக்கும் என்பது புரிந்துவிட்டது. அவர் எதையும் உடைக்கவில்லை. நான் வாசலில் மாட்டி வைத்த சாவியை எடுத்துத் திறந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அன்று இரவு அண்ணன் கடலில் இருந்தான். மறுநாள் காலை, அலுவலகத்துக்குக் கிளம்பும் முன், அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட தூண்டில் வளைவுக் கற்களைத் தாண்டி அவன் படகு கரையேறுகிற இடத்துக்குப் போய் நின்றேன். மீனை இறக்கிவிட்டு, வாளியில் தண்ணீர் மொண்டு படகைக் கழுவிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். படகு எண், முகப்புத் திரை, பதினொன்று பத்து, இரண்டு தாள்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"ரெண்டு தாளா? கஞ்சன், நம்ம தாளுலயே எடுத்துகினு பூட்டானா?"

"ண்ணா, விளையாடாத. முப்பத்தொண்ணும் போயிடுச்சு."

"ஒண்ணும் பூல. நீ அடிச்சது ஒண்ணுகூட நம்ம எடம் இல்ல பாப்பா."

எனக்குப் புரியவில்லை.

"எனக்குன்னு ஒரு நம்பர் கீது. ஒவ்வொரு எடத்தோட கடைசி மூணு நம்பர்லயும் அத்தக் கூட்டித்தான் உன்கிட்ட சொன்னேன். எல்லாம் தள்ளிப் பூடும். அங்க போனா வெறும் சேறு."

"என்கிட்டயுமா மறைச்ச?"

சிரிப்பு நின்றுவிட்டது. ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டான். "மறைக்கணும்னு இல்ல. பயக்கம். வயர்லெஸ்ல பேசுனா ஊரே கேட்டுகினு கீது. நானும் என் கூட்டாளியும் கூட்டித்தான் சொல்லிப்போம். பாரு நம்பர்னு வாயத் தொறந்தாலே தானா கூட்டிகினுதான் வருது."

அப்போதுதான் அந்த நிறுத்தங்கள் எனக்குப் புரிந்தன. ஒவ்வொரு இடத்துக்கும் வடக்குக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று என்று இரண்டு எண், முப்பத்தொரு இடத்துக்கு அறுபத்திரண்டு கூட்டல். கூட்டியது ஆயிரத்தைத் தொட்டால் நிமிடத்தில் ஒன்று ஏறும், அதையும் பார்க்க வேண்டும். காகிதம் இல்லை, விரலைக்கூட மடக்கவில்லை. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே, படிக்கத் திணறுகிறான் என்று இரக்கப்பட்டிருக்கிறேன். கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன. வெட்கம்தான் அதிகம்.

அன்று சாயங்காலம் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினியின் பாதுகாப்பு அமைப்புகளைத் திறந்தேன். இனி தெருவில் யாருக்கும் கணினி கிடையாது, எல்லாவற்றையும் மூடப்போகிறேன் என்றேன்.

"ஏன் மூடுற? ஒர்த்தன் பண்ணதுக்கு ஊருக்கு ஏன் பேஜாரு? அவுங்களுக்குத் தனியா ஒரு வாசல் வெக்க முடியாதா?"

முடியும். கல்லூரியில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். ஒரே கணினியில் இரண்டு பயனர் கணக்கு வைக்கலாம், ஒன்றிலிருந்து மற்றதன் கோப்புகளைப் பார்க்க முடியாது. 'தெரு' என்று ஒரு கணக்கு உருவாக்கினேன். அதில் பிரின்டர் வேலை செய்யும், இணையம் வேலை செய்யும், வேறெதையும் மாற்ற முடியாது. கடவுச்சொல் பழைய படகு எண்ணே. அம்மா புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பிறகு என் கணக்கு. அவன் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தான்.

"தப்பா போட்டா எத்தினி தபா உடும்?"

"இப்போ பத்து தடவை."

"பத்தா? பத்துல பூட்டே ஒடஞ்சிரும். மூணு வெய்யி."

மூன்று வைத்தேன். மூன்று தவறினால் அரை மணி நேரம் திறக்காது.

"நீ தொறந்து போட்டுட்டு சோறு துன்னப் பூட்டா?"

மூன்று நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்தேன். கோப்பை முகப்பிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன், 'அண்ணன் பாரு' என்ற பெயரையும் மாற்றினேன். எங்கள் அலுவலகத்தில் இதே அமைப்புகளைப் போட வந்த ஆள் அரை நாள் விளக்கினார், நாங்கள் கொட்டாவி விட்டோம். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் இவன் கேள்வியாகக் கேட்டுவிட்டான்.

கடைசியில் புதிய கடவுச்சொல். "பார்த்துக்கோ ண்ணா, உனக்கும் தெரியணும்ல" என்றேன். அவன் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"சொல்லாத. எனக்குத் தெரிஞ்சா, யாராச்சும் கேட்டா நா பொய் சொல்லணும். தெரியாட்டி வேல முடிஞ்சுது."

அடித்து முடிக்கும் வரை அவன் திரும்பவில்லை. அவன் கருவி டிவி மேல்தான் கிடந்தது. அதில் ஒரே ஒரு இடத்தைப் பார்த்துக் கழித்திருந்தால் அவனுடைய எண் எனக்குத் தெரிந்திருக்கும். கழிக்கவில்லை. அவன் வாயால் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அடுத்த வாரம் மாமா வந்தார். முகம் கறுத்திருந்தது. மூன்று நாள் டீசல் எரித்துவிட்டு வெறும் மீன் பெட்டியோடு திரும்பியதாகக் கரையில் பேச்சு. வாசலில் உட்கார்ந்து அம்மா கொடுத்த டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

"இன்னா மச்சான், கடல்ல பாருங்கல்லாம் நடமாடுதா இன்னா?"

அண்ணன் தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "எனக்கின்னா தெரியும் மச்சான்? படிச்சவன் நீதான். பேப்பர் பாத்துல்ல கடலுக்குப் போற?"

மாமாவுக்கு டீ புரையேறியது. அம்மா தலையில் தட்டினாள். அதற்கு மேல் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்றுவரை. மாமா கிளம்பும்போது அவர் படகு இன்ஜினில் என்ன சத்தம் என்று கேட்டு, மறுநாள் போய்ச் சரிசெய்தும் கொடுத்தான். நானாக இருந்தால் கரை முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. கணினியில் இருப்பது பொய் எண்கள். அவற்றை மெய்யாக்குகிற எண் அவன் தலைக்குள் மட்டும் இருக்கிறது, அந்தத் தலை தினமும் கடலுக்குப் போகிறது. கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டோம். ஒரு நாள் அவன் கிளம்பும்போது, "ண்ணா, அந்தக் கோப்பு தனியா ஒண்ணுத்துக்கும் ஆகாதுல்ல?" என்று மட்டும் கேட்டேன். சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். என் காதருகே மூன்று இலக்கம் சொன்னான். "கூட்டினது. நீ கழிக்கணும்" என்றான். போய்விட்டான்.

அதை நான் எங்கும் எழுதவில்லை, எந்தக் கணக்கிலும் அடித்து வைக்கவில்லை.

இந்த வருடத் தடைக்காலம் முடிவதற்குள் பழைய கருவி செத்துவிட்டது. புதியதை வாங்கி வந்து, கட்டை விரலால் பட்டன்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். இந்த முறை நான் படிக்க, அவன் ஏற்ற வேண்டும். என் கணக்கைத் திறந்தேன். அவன் பழையபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான், திறந்ததும் திரும்பினான்.

முதல் எண்ணைப் பார்த்தேன். கடைசி மூன்று இலக்கம் சின்னது, கழிபடவில்லை. நிமிடத்திலிருந்து கடன் வாங்க வேண்டும். பேனாவுக்குக் கை போனது, இழுத்துக்கொண்டேன். மனத்துக்குள் கழித்தேன், சரிபார்க்க இன்னொரு தடவை கழித்தேன். அவன் கருவியைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மேடம்," என்றான், "நம்பர் படிக்க வர்லியா?"