என்ஜின் கயிறு

தலைமன்னாரிலிருந்து சுற்றுலாப் படகில், நடுக்கடலில் திட்டுத்திட்டாகத் தெரியும் மணல்தீடைகளைப் பார்க்கப் போனோம். "ஒரு காலத்தில இதெல்லாம் ஒரே நிலமாம், அம்மா. இந்தியாவுக்கு நடந்தே போயிருக்கலாமாம்!" என்றாள் மகள்.

சண்டைக் காலத்தில் எங்களை இந்தியாவுக்கென்று ஏற்றிப்போன படகோட்டியும் அப்படித்தான் சொன்னான். "இறங்குங்கோ, இதுதான் இந்தியா. இனி நடந்து போகலாம்." நான் விழுந்து மண்ணைக் கொஞ்சினேன். நிமிர்ந்தபோது படகு போய்விட்டது, சுற்றிலும் கடல்; நாங்கள் நின்றது இப்படியொரு தீடையில். ராமேஸ்வரத்து மீன்காரர் எங்களைக் காணும்வரை, மடியில் அழுத குழந்தைக்குச் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

அந்தக் குழந்தைதான் இப்போது தீடையில் குதித்து, "இறங்குங்கோ அம்மா!" என்று கூப்பிட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது.

நான் படகிலேயே இருந்தேன். "தம்பி, எங்களை விட்டிட்டுப் போயிடமாட்டீர்தானே?" என்று படகுக்காரரிடம் கேட்டேவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. என்ஜினை நிறுத்தி, அதை இழுத்து ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை என் கையில் தந்தார். "இது இல்லாட்டி நான் எங்கையும் போகேலாது, அக்கா. நீங்களே வைச்சிருங்கோ."

இறங்கினேன். மகள் ஆசைதீரப் படமெடுத்தாள். கயிறு என் கையில் இருந்தும், எல்லாப் படத்திலும் நான் படகையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.