பட்டியலில் ஒன்பதாவது பேர்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற சௌந்திரத்தின் மகள் சத்யபிரியா, ரெண்டு முட்டைக்கு ஏங்கினாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நிசம். அது பண்ணை முட்டையல்ல, கல்லூரி மைதானத்து முட்டை.

ஓட்டப் பயிற்சி முடிந்ததும் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் காத்தான் அண்ணன் பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டு, ஆளுக்கு ரெண்டு அவித்த முட்டை கொடுப்பார். விளையாட்டுக் கோட்டாவில் சேர்ந்த எட்டுப் பெண்களின் பட்டியல் அது. சத்யபிரியாவை உயரம் பத்தாதென்று தள்ளிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் போலப் பணம் கட்டி பி.காம் சேர்ந்தாள். ஆனாலும் விடியக்காலம் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, அந்த எட்டுப் பேருக்குப் பின்னால் ஓடினாள். வா என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ரெண்டு வருசம் போயிற்று. முட்டை கொடுக்கிற நேரத்தில் மட்டும் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டிருப்பாள்.

அவர்களில் நிலாவைக் கண்டால்தான் அவளுக்கு வயிறு எரியும். ஆத்தூர்ப் பெண், நெடுநெடுவென்று உயரம், சிவப்பு ஆணி ஷூ. மஞ்சள் கரு பிடிக்காதென்று காக்காய்க்கு வீசுவாள். அந்தக் காக்காயைப் பார்த்துக்கூடச் சத்யபிரியாவுக்குப் பொறாமை வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐப்பசியில் ஒருநாள் ஓட்டப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் அன்பழகன், "அடுத்த புதன்கிழமை ஐயாயிரம் மீட்டர் ஓட்டம். முதல் நாலு பேர் வெளியூர்ப் போட்டிக்கு. பட்டியல்ல இல்லாதவங்களும் ஓடலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் ஊர் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. சத்யபிரியா பூமிதிக்க வேண்டிக்கொண்டு கையை நீட்டிவிட்டாள். "தாயே, எம்பேரு அந்தப் பட்டியல்ல வரோணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நிலா எனக்குப் பின்னாடி வரோணும்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டில் சௌந்திரம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏஞ்சாமி, உனக்குக் கூறு இருக்குதா? காப்புக் கட்டினா காலுக்கு ஒண்ணும் போடக்கூடாது. ஓட்டம் புதங்கெழம, பூமிதி வெள்ளிக்கெழம. எப்படி ஓடுவே?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவசரத்தில் நாளை எண்ண மறந்துவிட்டாள். கட்டின காப்பை அவிழ்க்கவும் கூடாது.

"வெறுங்காலோட ஓடறேம்மா."

புதன்கிழமை கையில் மஞ்சள் காப்புக் கயிற்றோடு நின்றவளைப் பார்த்து நிலா சிரித்தாள். "ஏய், ஷூ எங்கடி? நெருப்பு மிதிக்கப் போறவளுக்கு நெருஞ்சியெல்லாம் ஒரு முள்ளா, அப்படித்தானே?"

"என்ர கண்ணு பூராவும் உன்ர ஷூ மேலதான். பாத்து ஓடு."

பன்னிரண்டரைச் சுற்று. ஆறாவது சுற்றில் குதிகாலில் முள் ஏறியது. நின்று பிடுங்கினால் போச்சு. அம்மனை நினைக்க வேண்டிய நேரத்தில், முன்னால் போகிற சிவப்பு ஷூவையே வெறித்துக்கொண்டு ஓடினாள். கடைசிச் சுற்றில் ரெண்டு பேரைத் தாண்டினாள். நிலாவைத் தாண்ட முடியவில்லை. நிலா மூணாவது, இவள் நாலாவது.

மாஸ்டர் பட்டியலை வாங்கி, எட்டுப் பேருக்குக் கீழே பேனாவால் எழுதினார். காத்தான் அண்ணன் வேண்டுமென்றே சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஒம்பதாவது, சத்யபிரியா! வா சாமி."

ரெண்டு முட்டையும் உள்ளங்கையில் சுட்டன. அப்போதுதான் மணிக்கட்டுக் காப்பு கண்ணில் பட்டது. வெள்ளிக்கிழமை பூமிதித்து முடிகிற வரைக்கும் கவிச்சி ஆகாது, முட்டையும் கவிச்சிதான்.

நிலா கண்டுகொண்டாள். "விரதமா? அப்ப எனக்குக் குடேன்."

கொடுக்க மனசு வரவில்லை. "காக்காய்க்குப் போடறவளுக்கு எதுக்கு?" என்று முட்டைகளைக் கூடையிலேயே திருப்பி வைத்தாள்.

"சனிக்கெழம வாங்கிக்கறேனுங்கண்ணா. பேரை மட்டும் அடிச்சுப்புடாதீங்க."

பிறகு ஓரமாக உட்கார்ந்து குதிகால் முள்ளைப் பிடுங்கினாள். நிலா முட்டை தின்கிற பக்கம் அவள் திரும்பவே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் திரும்பிப் பார்த்தாள்.