எட்னா ஹெப்கில்லும் கடற்கரை ஹெப்ஜில்களும்

எங்கள் பிராக்கர்டேல் பள்ளத்தாக்கில் ஆடு ஏற்றும் லாரியை முதலில் ஓட்டிய பெண் எட்னா ஹெப்கில். லாரியின் இரண்டு கதவுகளிலும் வெள்ளைப் பெயிண்டில் அவள் பெயர் முழ நீளத்துக்கு எழுதியிருக்கும். ஆட்டுச் சந்தைக்குப் போகும் வழியில் என் பொரித்த மீன் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இஞ்சினைக்கூட அணைக்காமல் உள்ளே வருவாள். "ஃப்ரெடா, ஒரு மீனு, நெறைய உருளைக்கெழங்கு, வினிகரத் தாராளமா ஊத்து" என்பாள். வரிசையில் நிற்பவர்கள் தானாக ஒதுங்கி வழிவிடுவார்கள். அது மரியாதையா, ஆட்டு வாடையா என்று நான் கேட்டதில்லை.

ஹெப்கில் என்ற பெயர் எங்கள் பக்கத்தில் அவள் குடும்பத்துக்கு மட்டும்தான் உண்டு. அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு மிச்சம் இருந்தவர்கள் அவளும், கல்யாணமே செய்துகொள்ளாத செப் சித்தப்பாவும்தான். ஏழாவது பிள்ளை என்பதால் அவருக்கு செப்டிமஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைச் செப் என்று நறுக்கிவிட்டோம்.

டிராக்டர் ரிப்பேர் பார்க்கும் லென் ஸ்மித் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டது என் கடையில்தான். அறுபதுகளில் ஒரு சனிக்கிழமை. நான் எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பண்ணிக்கலாம் லென்" என்றாள் எட்னா, கொஞ்சமும் வெட்கப்படாமல். "ஆனா ஒண்ணு. நான் ஸ்மித் ஆக மாட்டேன். நீதான் ஹெப்கில் ஆவணும்."

லென் மென்றுகொண்டிருந்ததை விழுங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஊரே சிரிக்குமே எட்னா."

"சிரிக்கட்டும். இந்த நாட்டுல கண்ண மூடிக்கிட்டுக் கல்ல விட்டா ஒரு ஸ்மித் மண்டையிலதான் விழும். ஒருத்தன் கொறஞ்சா யாருக்குத் தெரியப்போவுது? நான் விட்டுட்டா இந்தப் பேரு அத்தோட போச்சு."

லென் வக்கீலிடம் போய்க் கையெழுத்துப் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டான். அவன் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மா மட்டும் கேக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். மதுக்கடையில் ரொம்ப நாள் அவனை "வாங்க, திருமதி ஹெப்கில்" என்று கூப்பிட்டார்கள். "ஆமாப்பா, என் வீட்டுக்காரி சம்பாதிச்சுப் போடுறா, நான் உக்காந்து குடிக்கிறேன். உங்களுக்கு என்ன எரியுது?" என்பான் லென். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

முப்பது வருஷம் கழித்து, ஒரு மழைக்கால அக்டோபரில், எட்னா சந்தையிலிருந்து ஆடுகளோடு திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரு சின்ன நீலக் கார். இவள் வேகம் குறைத்தால் அதுவும் குறைத்தது. திரும்பினால் அதுவும் திரும்பியது. கடைசியில் ரோட்டோரத் தேநீர் வண்டி பக்கத்தில் லாரியை ஓரம்கட்டி, ஆட்டுக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். காரிலிருந்து அறுபதைத் தாண்டிய, தோள் அகன்ற ஒரு மனிதர் மழையில் தொப்பியைக் கழற்றியபடி இறங்கினார்.

"யாருய்யா நீ? இம்புட்டு தூரம் என் ஆட்டுப் பின்பக்கத்தையே மோந்துக்கிட்டு வர்றே?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. என் பேரு கத்பர்ட் ஹெப்ஜில்."

"என்ன ஜில்லு?"

"உங்க கதவுல இருக்குதே, அதே எழுத்துதாங்க." அவர் டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினார். மழைத்துளி விழ விழ எட்னா அதைப் படித்தாள். ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து அதேதான்; நடுவில் நிற்கும் 'ஜி' எழுத்தைத்தான் ஒருவர் 'க' என்றும் ஒருவர் 'ஜ' என்றும் வாசித்தார்கள்.

"எழுத்தெல்லாம் சரிதான். வாயிதான் கோணிக்கிட்டுப் போவுது. அது ஜில் இல்ல, கில்."

"கடலோரம் எங்க கிரிம்ஸ்பி ஊருல பதினேழு வீடு இருக்கோம். எல்லாரும் ஜில்லுன்னுதான் சொல்றோம்."

"அப்போ பதினேழு வீடும் தப்பாச் சொல்றீங்க. வாங்க, டீ குடிக்கலாம்."

கத்பர்ட் மீன்பிடிக் கப்பலில் இஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு இந்தப் பெயர்ப் பைத்தியம் அவரைப் பிடித்திருந்தது. நாட்டில் உள்ள டெலிபோன் புத்தகங்களை எல்லாம் புரட்டியிருக்கிறார். கிரிம்ஸ்பியில் கொஞ்சம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹல் நகரத்தில் கொஞ்சம், கனடாவில் ஒரு வீடு. அவ்வளவுதான். எட்னாவின் போன் 'பிராக்கர்டேல் ஆட்டு லாரி' என்ற பெயரில் இருந்ததால் அவர் கண்ணில் படவே இல்லை.

"எங்கேருந்து வந்துச்சுன்னுதாங்க தெரியலை. ஹெப்கில்னு ஒரு ஊரு எந்த மேப்புலயும் இல்லை" என்றார்.

"ஊரா? அது ஒரு ஓடைய்யா. எங்க வீட்டுக்குப் பின்னாடிதான் ஓடுது. வண்டியக் கெளப்பு, காட்டுறேன்."

மலை இடுக்கில் விழுந்தோடும் ஓடையை நாங்கள் கில் என்போம். ஹெப் என்பது காட்டு ரோஜாவின் காய். அந்த இடுக்கின் இரண்டு கரையும் முள்ளும் ரோஜாப் புதருமாக அடைந்து கிடக்கும். அக்டோபரில் காய்கள் ரத்தச் சிவப்பாகப் பழுத்துத் தொங்கும். அன்று கத்பர்ட் அங்கே நின்ற நிலையை எட்னா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷன் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தாராம். கொஞ்சம் கழித்து, "எங்க ஊரு தட்டையா இருக்கும்மா. ஓடை விழுறதுக்கு அங்க ஒரு மேடுகூடக் கெடையாது" என்றாராம். ஒரு கை காயைப் பறித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாராம்.

அடுத்த கோடையில் ஒரு பஸ் நிறையக் கடற்கரை ஹெப்ஜில்கள் வந்திறங்கினார்கள். கத்பர்ட்டின் தங்கை பெரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சிங்கப் படத்தைக் கொண்டுவந்திருந்தாள். எங்கேயோ கடைத்தெருவில் வாங்கிய குடும்ப முத்திரை அது.

"நம்ம மூதாதை பிரான்சுலேருந்து ராஜாவோட குதிரையில வந்த பிரபுவாக்கும்" என்றாள் பெரில்.

"வந்தவரு இந்தப் பள்ளத்துல இறங்கி என்ன பண்ணினாரு? ரோஜாக்காய் பொறுக்கினாரா?" என்றாள் எட்னா. பஸ்ஸில் வந்தவர்களே விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரில் சிரிக்கவில்லை.

அதிலிருந்து வருஷா வருஷம் சந்திப்பு நடந்தது. ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. உண்மையான ஹெப்கில் தான்தான் என்பதில் எட்னாவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஓடை அவள் வீட்டுக்குப் பின்னால் அல்லவா ஓடியது.

பிறகு எச்சிலை வைத்து வம்சம் சொல்லும் பரிசோதனைக் காலம் வந்தது. ஒரே ஆண்வழியில் வந்தவர்களா என்று பார்த்துவிடலாம் என்றார் கத்பர்ட். கடற்கரை ஆண்கள் சிலர் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அந்த வழியில் வந்த ஒரே ஆண் முதியோர் இல்லத்தில் இருந்த செப் சித்தப்பா. "இந்த வயசுல எங்கிட்ட மிச்சம் இருக்கறதே இதுதான், எடுத்துக்க" என்று அவர் குழாயில் துப்பிக் கொடுத்தார்.

முடிவு வந்ததும் கத்பர்ட் போன் செய்யவில்லை. நேரில் வந்தார். மேலே எட்னா வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லாமல் என் கடையில் உட்கார்ந்து, வாங்கிய மீனைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து எட்னாவே உள்ளே வந்துவிட்டாள்.

"என்ன கத்பர்ட், யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லம்மா. உக்காருங்க." அவர் மேசையைப் பார்த்தே பேசினார். "எங்க ஆளுங்க எல்லாரும் ஒரே கொடி. ஹல் ஆளுங்களும்தான், கனடாக்காரனும்தான். உங்க சித்தப்பா மட்டும் அந்தக் கொடியில இல்லை."

எட்னா எதிரே இருந்த உப்புக் குப்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து, "ஃப்ரெடா, கடைய உன் மகன்கிட்ட விட்டுட்டு வா" என்றாள். லாரியில் ஏறி நேரே சித்தப்பாவிடம் போனோம்.

"சித்தப்பா, நாம ஹெப்கில் இல்லையாம். உங்களுக்குத் தெரியுமா?"

"ஓ, அதுவா?" என்றார் செப். "கதவச் சாத்து, குளிரு."

அவர் சொன்ன கதை இதுதான். அவருடைய தாத்தா காலத்துக்கு முன்னால் அந்தப் பண்ணையில் இரண்டு மகன்கள் இருந்தார்கள். இரண்டு பேரும் கடல் வேலைக்குக் கிளம்பிப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். பெற்றவர்களுக்கு வயதாகி, பண்ணை பார்க்க ஆள் இல்லாமல், அனாதை விடுதியிலிருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். வேலைக்கென்று வந்தவன் மகனாகிவிட்டான். அவர்கள் பெயரையே அவனுக்கு வைத்துப் பண்ணையையும் கொடுத்தார்கள். அந்தப் பையன்தான் செப்பின் தாத்தா.

"ஏன் சித்தப்பா இத்தன நாளா சொல்லலை?"

"நீ கேக்கலையே. அதோட, இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? அவரு இங்க வந்தாரு, இங்கயே இருந்தாரு."

"அவரோட பழைய பேரு என்ன?"

செப் உதட்டைப் பிதுக்கினார். "ஒரு தடவை நானும் கேட்டேன். 'மறந்துட்டேண்டா'ன்னாரு. மறந்திருக்க மாட்டாரு. சொல்லப் பிடிக்கலை."

திரும்பும் வழியில் ஓடைப் பாலத்தின் மேல் லாரியை நிறுத்தினாள். அழுதாள் என்று சொல்ல மாட்டேன். மூக்கை மட்டும் பலமாகச் சிந்தினாள்.

"பேருக்காக இல்லடி ஃப்ரெடா. அந்தப் பையன் முதல் நாளு இங்க வந்து இறங்கினப்போ எப்படிப் பயந்திருப்பான்னு நெனைச்சேன்" என்றாள்.

அந்த வருஷச் சந்திப்பு எங்கள் ஊர்ப் பொதுக்கூடத்தில் நடக்க வேண்டும். வேண்டாம் என்று தள்ளிவிடலாமா என்று லென் கேட்டான். "லாரிக் கதவுல பேர அழிக்கணும்னாலும் சொல்லு, பெயிண்ட் இருக்கு" என்றான் மெதுவாக.

"தொட்டுப் பாரு, கைய ஒடிக்கிறேன். போயி ரெண்டு பன்றித் தொடைக்குச் சொல்லிட்டு வா. எல்லாரும் வருவாங்க."

எல்லாரும் வந்தார்கள். சேதி அதற்குள் பஸ் முழுக்கப் பரவியிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பெரில் தட்டை நீட்டி, எல்லாருக்கும் கேட்கிற குரலில், மிகவும் மரியாதையாகவே சொன்னாள்: "எட்னா, கணக்குப்படி பாத்தா இனிமே இந்தப் பேருல நீங்க விருந்தாளிதான், இல்லையா?"

கத்பர்ட்டின் முகம் சிவந்துவிட்டது. எட்னா இறைச்சி வெட்டிய கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரில், உங்க கொள்ளுத்தாத்தா நல்ல மனுஷனாத்தான் இருந்திருப்பாரு. கடலுக்குப் போனாரு, பொழைச்சாரு, நீங்கல்லாம் வந்தீங்க. அதுல தப்பே இல்லை. ஆனா அவரப் பெத்த கிழவனும் கிழவியும் இங்க இருந்தாங்க. அவங்க மாட்டுக்குத் தீனி போட்டது யாரு? படுக்கையில விழுந்தப்போ கஞ்சி ஊட்டினது யாரு? புதைச்சது யாரு? எங்க தாத்தாவோட அப்பன். அந்தக் கிழவனே கூப்பிட்டு, 'இனிமே எம் பேரு ஒனக்கு'ன்னு குடுத்தாரு. நீங்க பேரோட பொறந்தீங்க. நாங்க வாங்கிக்கிட்டோம். குடுத்தவருக்கு இல்லாத வருத்தம் உங்களுக்கு எதுக்கு?"

பின்வரிசையில் இருந்த ஒரு பழைய மீனவர் எழுந்தார். "அந்தக் கிழவன் கிழவி எங்கம்மா இருக்காங்க?"

"சர்ச்சுக்குப் பின்னாடி. நடக்கிற தூரம்தான்."

சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கூட்டமே கிளம்பியது. முதல் நாள் மழையில் பாதை சேறாகக் கிடந்தது. பெரில் குதிகால் செருப்போடு தடுமாறிக்கொண்டு வந்தாள். எட்னா லாரியிலிருந்து ரப்பர் பூட்ஸ் எடுத்துக் கொடுத்தாள்; அவளும் வாங்கிப் போட்டுக்கொண்டாள். சர்ச்சின் பின்சுவர் ஓரமாக ஒரே கல்லில் கிழவன் கிழவி பெயர். அதை ஒட்டினாற்போல அந்தப் பையனின் கல். அதில் 'மகன்' என்று வெட்டியிருந்தது. நாங்கள் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தாண்டிப் போன கல்தான்.

பெரில் குனிந்து கிழவன் கிழவியின் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "இவங்கள மண்ணுல வெச்சப்போ எங்க ஆளுங்க யாராவது வந்திருப்பாங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலைம்மா. கடல்ல இருக்கறவங்களுக்குச் சேதி போய்ச் சேரவே நாளாகும்" என்றாள் எட்னா. வர மறந்தார்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் சந்திப்புகள் நின்றுபோகவில்லை. எட்னாவின் மகள் மொய்ரா கல்யாணத்துக்குப் பிறகும் ஹெப்கில்லாகவே இருக்கிறாள். அவளுடைய இரண்டு பையன்களுக்கும் அதே பெயர்தான். செப் சித்தப்பா தூக்கத்திலேயே போனார். கடற்கரையிலிருந்து அவருக்காக ஒரு வேன் நிறைய ஆள் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து, ஜனவரியில், கத்பர்ட் இறந்துபோனார். பெரிலே போன் செய்து அழைத்தாள். லாரியைக் கழுவித் துடைத்துக்கொண்டு எட்னா கிரிம்ஸ்பிக்குப் போனாள். லென்னும் நானும் கூடப் போனோம். கடலிலிருந்து அடித்த காற்றில் சர்ச் வாசலில் நிற்க முடியவில்லை. சவப்பெட்டியைத் தூக்க ஐந்து ஆண்கள் கறுப்புக் கோட்டோடு தயாராக நின்றார்கள். எட்னா ஓரமாகப் போய் நிற்கப் போனாள்.

பெரில் வந்து அவள் கையைப் பிடித்தாள். "எங்க போறீங்க? ஆறு பேரும் நம்ம பேருள்ளவங்களாத்தான் இருக்கணும்னு அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்காரு. முன்பக்கம், இடது பக்கம் உங்களுக்கு."

"எனக்கு வலது பக்கம் நின்னு தூக்கித்தான் பழக்கம்."

"அப்போ வலது பக்கம் நில்லுங்க" என்றாள் பெரில். அங்கே நின்ற பையனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். எட்னா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, குனிந்து, தோளைக் கொடுத்தாள்.