நோவுக் குளிசை போடாமல் போன நாள்

சில மாதங்களாகவே விடியற்காலையில் என் விரல்கள் மடங்க மறுக்கும். இடியப்ப உரலைப் பிடித்து அழுத்தினால் உயிர் போய்விடும். லிங்கநகரில் எங்கள் வீட்டுக் குசினியில் பிழிந்து கடைகளுக்குக் கொடுக்கிற இடியப்பத்தில்தான் பாதிச் சீவியம். கை போனால் எல்லாம் போச்சு. ஆனால் வெயில் ஏறியதும் விரல்கள் இளகிவிடும். அதனால் என் கதையை ஒருவரும் நம்பவில்லை.

"உனக்குப் பஞ்சி பிடிச்சிட்டுது, வேலை செய்ய மனமில்லை," என்றார் இவர், என் கணவர். ஓட்டோ ஓட்டுகிறவர், கெட்ட மனிதர் இல்லை. ஆனாலும் பஞ்சியாம்! ஊர் எழும்ப முன்னம் மா குழைக்கிறவளுக்கு!

எக்ஸ்ரே எடுத்தோம். எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். "பாத்தியா?" என்று இவர் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு நகரத்தில் மூட்டு வருத்தம் பார்க்கிற டொக்டரிடம் போனோம். இளம் பெண். என் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமத்திப் பார்த்தார். பெரிதாக நோகவில்லை. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"வரேக்க ஏதும் குளிசை போட்டனீங்களா?"

"ஓம் டொக்டர், நோவுக் குளிசை ஒண்டு விழுங்கினனான். உங்களிட்ட வாறதெண்டுதான்."

அவர் சிரித்துவிட்டார். "எனக்குக் காட்ட வேண்டிய நோவை வீட்டில வச்சிட்டு வந்திருக்கிறீங்கள்!"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். தலை வாரி இழுத்து, நல்ல சீலை உடுத்து, நோவையும் அடக்கிக்கொண்டுதான் டொக்டரிடம் போவோம். காத்திருக்கிற வாங்கில் குந்தியிருந்து முனகினால் சனம் என்ன நினைக்கும்?

ரத்தம் எடுத்தார்கள். அடுத்த கிழமை ஸ்கானுக்கு வரும்வரை அந்தக் குளிசையைத் தொடக்கூடாது, அது வீக்கத்தை மறைத்துவிடும் என்றார் டொக்டர். அந்தக் கிழமை நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். இவரோடு எரிந்து எரிந்து விழுந்தேன்.

ஸ்கான் அறையில் இவரும் பக்கத்தில் நின்றார். டொக்டர் என் விரல் மூட்டில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்தார். திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஏதோ தெரிந்தது. ஒரு பொத்தானை அமத்தியதும் நடுவில் சிவப்புச் சிவப்பாக மினுங்கியது.

"மூட்டுக்குள்ள சவ்வு வீங்கியிருக்கு. அங்க ரத்தம் கூடுதலா ஓடுது, அதுதான் இந்தச் சிவப்பு. ரத்தப் பரிசோதனையும் அதைத்தான் சொல்லுது. முடக்குவாதத்தின்ர தொடக்கம். எலும்பு இன்னும் பழுதாகேல்ல, அதுதான் எக்ஸ்ரேயில ஒண்டும் தெரியேல்ல. இப்பவே மருந்து தொடங்கினா கையைக் காப்பாத்தப் பாக்கலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய்யில்லை, உண்மையான வருத்தம்தான் என்று கேட்டுச் சந்தோசப்பட்ட பைத்தியம் நானாகத்தான் இருப்பேன்.

வெளியே வந்ததும் வெடித்தேன். "மெசின் சொன்னாத்தான் நம்புவீங்கள், என்ன? நான் சொன்னா கதை!"

இவர் ஓட்டோவில் ஏறியும் அதை ஸ்டார்ட் பண்ணாமல் இருந்தார். என் பக்கம் திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, மெல்ல மெல்லத் தொட்டார்.

"எந்த விரல் நோகுது?" என்று கேட்டார்.

இத்தனை மாதத்தில் அதை அவர் கேட்டது அன்றைக்குத்தான்.